முதுமை எங்கே தொடங்குகிறது?

செஞ்சிக் கோட்டை. ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம்.

ராஜகிரி மலைப் படிகளில் ஒரு மூதாட்டி ஏறிக்கொண்டு இருந்தார். கையில் ஒரு பை. பைக்குள் தேங்காய், பூ, கற்பூரம். கமலக்கண்ணி அம்மனைக் கும்பிடப் போகிறார்.

அவருக்குப் பின்னால் ஒரு வாலிபர் வந்தார். வயது 25 இருக்கும். சென்னையில் இருந்து கோட்டை பார்க்க வந்தவர். கொஞ்ச தூரம் ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆயா, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"எழுபதைத் தாண்டிடுச்சு கண்ணு. கணக்கு யார் வச்சிருக்கா?"

"உங்களுக்கு மூச்சு வாங்கலையா?"

"வாங்காம இருக்குமா? நின்னு நின்னு ஏறுவேன். களை வெட்டுற உடம்பு இது. உட்கார வச்சா துருப்பிடிச்சுப் போயிடும்."

சொல்லிவிட்டு, மூதாட்டி மேலே போனார். வாலிபர் தலை நிமிர்ந்து பார்த்தார். நாமும் பார்த்தோம்.

"உட்கார வைத்தால் துருப்பிடிக்கும்!" இது படிக்காத ஒரு கிழவியின் பேச்சு. ஆனால், உலகத்தின் பெரிய விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராயும் கேள்வி இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. மனிதன் ஏன் கிழவன் ஆகிறான்? முதுமை உடம்பில் எங்கே தொடங்குகிறது? அதைத் தள்ளிப் போட முடியுமா?

தேசிங்கு காணாத முதுமை

செஞ்சி என்றால் தேசிங்கு ராஜாவின் நினைவு வரும். 1714-ம் ஆண்டு ஆற்காட்டு நவாப்பின் படையோடு போரிட்டு, இளம் வயதிலேயே அவர் உயிர் விட்டார். அவர் முதுமையைக் காணவில்லை.

அந்தக் காலத்தில் முதுமையைக் காண்பதே அரிது. போர் கொன்றது. பஞ்சம் கொன்றது. காலரா கொன்றது. இந்தியா சுதந்திரம் பெற்ற 1947-ம் ஆண்டிலும் சராசரி ஆயுள் 32 வயதுதான். இப்போது அது சுமார் 70.

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள், 2021-ம் ஆண்டுக் கணிப்புப்படி, 100 பேரில் சுமார் 14 பேர். இந்தக் கணக்கில் இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

ஆயுளை நீட்டிவிட்டோம். நல்லது. நீண்ட ஆயுளை எப்படிக் கழிப்பது? நடந்தா, படுத்தா? இதுதான் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் கேள்வி.

உடம்பு ஒரு கோட்டை

நம் உடம்பு உயிரணுக்களால் ஆனது. தோல், எலும்பு, தசை, மூளை எல்லாமே கோடி கோடியான உயிரணுக்கள் சேர்ந்தவை. ஒவ்வொரு உயிரணுவும் ஒரு குட்டிக் கோட்டை.

செஞ்சிக் கோட்டையை நினைத்துக் கொள்ளுங்கள். மூன்று மலைகள். அவற்றைச் சுற்றி மதில். 1690 முதல் 1698 வரை, மொகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். அத்தனை ஆண்டுகள் கோட்டை நின்றது.

மதில் வலுவானதுதான். ஆனால், மதில் சோறு போடுமா? கோட்டைக்குள் நெற்களஞ்சியம் இருந்தது. குளங்கள் இருந்தன. அடுப்பு எரிந்தது. அடுப்பு எரிந்தால்தான் வீரன் வாள் பிடிப்பான்.

உயிரணு என்ற கோட்டையிலும் அப்படியே. சுற்றிலும் ஒரு மெல்லிய சுவர். நடுவில் அரண்மனை போல ஒரு கரு. அதைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அடுப்புகள். இந்த அடுப்புகளின் பெயர்தான் "மைட்டோகாண்ட்ரியா".

பெயர் நீளம், ஆள் சிறிது. ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இதன் குறுக்களவு. 1898-ம் ஆண்டில் கார்ல் பென்டா என்ற ஜெர்மன் விஞ்ஞானி இந்தப் பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் "நூல்", "மணி" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தார். பூதக்கண்ணாடியில் நூல் போலவும் மணி போலவும் தெரிந்ததால் அந்தப் பெயர்.

கடுமையாக உழைக்கும் உறுப்பில் அடுப்பும் அதிகம். இதயம் ஒரு நாளும் ஓய்வதில்லை. அதனால், இதயத் தசை உயிரணுவில் மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாவே பிடித்துக்கொண்டு இருக்கிறது.

மேட்டூர் அணை மாதிரி

நாம் சோறு சாப்பிடுகிறோம். அது செரித்துச் சர்க்கரையாக மாறி, ரத்தத்தில் கலக்கிறது. நாம் இழுக்கும் மூச்சில் இருந்து பிராணவாயுவும் ரத்தத்தில் சேர்கிறது. இரண்டும் உயிரணுவுக்குப் போகின்றன.

அடுப்பு என்றால் தீ எரிகிறதா? இல்லை. மேட்டூர் அணையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீரைத் தேக்குகிறார்கள். தேங்கிய தண்ணீரைக் குழாய் வழியே விடுகிறார்கள். அந்த வேகத்தில் சக்கரம் சுழல்கிறது. மின்சாரம் பிறக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவிலும் இதுதான் நடக்கிறது. உணவில் இருந்து கிடைத்த சக்தியால், மின்னூட்டம் உள்ள நுண்துகள்களை ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் தேக்குகிறது. அவை சவ்வின் வழியே திரும்பப் பாயும்போது, அங்கே உள்ள ஒரு நுண்சக்கரம் சுழல்கிறது. சக்தி பிறக்கிறது. பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1961-ல் இப்படி நுண்துகள்கள் தேங்கிப் பாய்வதால்தான் சக்தி பிறக்கிறது என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-ல் அவருக்கே நோபல் பரிசு கிடைத்தது.

அப்படிப் பிறக்கும் சக்தியை "ஏ.டி.பி." என்ற பொருள் சுமந்து செல்கிறது. அதுதான் உடம்பின் நாணயம். கண் சிமிட்ட, கை அசைக்க, நினைக்க, சிரிக்க எல்லாவற்றுக்கும் இந்த நாணயம் செலவாகிறது. செலவானது அடுப்புக்குத் திரும்பி வந்து மறுபடியும் புதிதாகிறது. இப்படி ஒரு நாளில் புரளும் ஏ.டி.பி.யின் எடை ஏறக்குறைய நம் உடம்பின் எடை அளவு!

சென்னையில் படித்தவர் கண்டது

இந்த ஏ.டி.பி.யை 1929-ல் கண்டவர்களில் ஒருவர், சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895-ல் ஆந்திரத்தில் உள்ள பீமாவரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, ஆபரேஷன் அறையில் கதர் உடுப்பு அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அவர் மனம் உடையவில்லை. கப்பல் ஏறி அமெரிக்கா போனார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து உழைத்தார். தசைக்குச் சக்தி எங்கே இருந்து வருகிறது என்று தேடினார். ஏ.டி.பி. கிடைத்தது. அதே 1929-ம் ஆண்டில், ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார். சுப்பாராவ் 1948-ல், 53 வயதில் காலமானார். நாம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் அவர் கண்ட பொருளால் நடக்கிறது. ஆனால், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

தாய் தந்த சொத்து

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நம் உடம்பின் மரபணுக்கள் உயிரணுவின் கருவுக்குள் இருக்கின்றன. பாதி தந்தை கொடுத்தது; பாதி தாய் கொடுத்தது. ஆனால், மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக 37 மரபணுக்கள் உண்டு. அவை முழுவதும் தாய் கொடுத்தவை.

உங்கள் அடுப்பு உங்கள் அம்மா தந்தது. அவருக்கு அவர் அம்மா தந்தது. பாட்டி, பூட்டி என்று தாய் வழியாகவே அந்தத் தணல் அணையாமல் வருகிறது.

இந்த 37 மரபணுக்களுக்கும் ஒரு கஷ்டம் உண்டு. அவை அடுப்பங்கரையிலேயே குடியிருக்கின்றன. கருவுக்குள் இருக்கும் மரபணுக்களுக்குக் காவல் அதிகம். இவற்றுக்குக் காவல் குறைவு. உயிரணு பெருகும்போதும் பழையதைப் புதுப்பிக்கும்போதும் இவற்றைப் படி எடுக்க வேண்டும். படி எடுக்க எடுக்கப் பிழை சேர்கிறது. கையால் ஏடு பெயர்த்து எழுதிய காலத்தில் ஒருவர் விட்ட எழுத்தை அடுத்தவரும் விட்டது போல, பிழை தொடர்கிறது.

பிழை மிகுந்தால் அடுப்பு மங்குகிறது. சக்தி குறைகிறது. தசை தளர்கிறது. மாடிப்படி மலையாகத் தெரிகிறது.

துருவா காரணம்?

1956-ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கருத்தைச் சொன்னார். அடுப்பில் பொறி பறப்பது போல, உயிரணுவிலும் கேடு செய்யும் பொருள்கள் தெறிக்கின்றன. அவை உடம்பை அரிக்கின்றன. இரும்பு துருப்பிடிப்பது போல உடம்பும் துருப்பிடிக்கிறது என்றார். 1972-ல், அந்தப் பொறி பிறக்கும் முக்கிய இடமே மைட்டோகாண்ட்ரியாதான் என்றும் சொன்னார்.

செஞ்சி மூதாட்டி சொன்ன அதே துரு!

உடனே வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். "துருவை நீக்கும் மாத்திரை", "இளமை தரும் மாத்திரை" என்று விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள்.

மாத்திரை பலித்ததா? பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. சிலருக்கு, துருவை நீக்கும் என்று நம்பப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது!

கேரட் கெடுதல் என்று இதற்கு அர்த்தம் அல்ல. கேரட் நல்லதுதான். அதில் உள்ள ஒரு சத்தை மட்டும் பிரித்து, மாத்திரையாக நிறைய விழுங்கினால் உடம்பு ஏமாறாது என்பதே அர்த்தம். அடுப்பில் பறக்கும் பொறி எல்லாமே பகை அல்ல. சில பொறிகள், "பழுது பார்" என்று உயிரணுவுக்குச் செய்தி சொல்லும் தூதுவர்கள் என்று பிற்காலத்தில் தெரிந்தது.

நரைத்த சுண்டெலிகள்

2004-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஒரு வினோதமான சோதனையை வெளியிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களைப் படி எடுக்கும்போது அதிகமாகப் பிழை செய்யும்படி சுண்டெலிகளை உருவாக்கினார்கள்.

சாதாரணச் சுண்டெலி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழும். இந்தச் சுண்டெலிகள் ஆறு மாதத்திலேயே கிழடு தட்டின. எடை குறைந்தது. முடி கொட்டியது. முதுகு கூன் விழுந்தது. எலும்பு மெலிந்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டிலேயே மடிந்தன.

அடுப்பு கெட்டால் முதுமை விரைந்து வரும் என்பதற்கு இது கண்கூடான சாட்சி. இந்தச் சுண்டெலிகளில் துரு அதிகம் இல்லை என்பதும் அடுத்த ஆண்டில் தெரிந்தது. ஆகவே, துரு மட்டும் காரணம் அல்ல. முதுமைக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனாலும், மைட்டோகாண்ட்ரியா அதில் ஒரு பெரும் பங்காளி.

ஓடிய சுண்டெலிகள்

கதை இங்கே முடியவில்லை. 2011-ல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் அதே வகைச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றைக் கூண்டில் சும்மா விட்டார்கள். சிலவற்றைச் சுழலும் பட்டையின் மேல் ஓட விட்டார்கள். ஒரு தடவைக்கு 45 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து மாதம்.

சும்மா இருந்தவை நரைத்தன, மெலிந்தன, விரைவில் செத்தன. ஓடியவையோ சாதாரணச் சுண்டெலிகளைப் போலவே திடமாக இருந்தன!

மருந்து இல்லை, மாத்திரை இல்லை. ஓட்டம் மட்டும்தான்.

சுண்டெலிக்கு நடந்தது எல்லாம் மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே மனிதரிடமும் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் டாக்டர் கே. ஸ்ரீகுமாரன் நாயரும் அவருடைய குழுவினரும் 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 12 வாரம் சைக்கிள் மிதிக்கும் பயிற்சி. கொஞ்ச நேரம் வேகம், கொஞ்ச நேரம் நிதானம். முடிவில், மைட்டோகாண்ட்ரியாவின் திறன் வாலிபர்களுக்கு 49 சதவீதம் கூடியது. 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களுக்கோ 69 சதவீதம் கூடியது!

உடம்பு அசையும்போது, "சக்தி போதவில்லை; இன்னும் அடுப்பு வேண்டும்" என்று உயிரணுவுக்குச் செய்தி போகிறது. உயிரணு புதிய மைட்டோகாண்ட்ரியாவை உண்டாக்குகிறது. பழுதானவற்றைப் பிடித்து அழித்து, அதில் உள்ள நல்ல பொருளை எடுத்துக்கொள்கிறது. ஓட்டைப் பாத்திரத்தை உருக்கிப் புதுப் பாத்திரம் வார்ப்பது போன்ற வேலை இது. உயிரணு தன் பழுதைத் தானே தின்று புதுப்பிக்கும் விதத்தைக் கண்டறிந்த ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சும்மா உட்கார்ந்தால் அந்தச் செய்தி போகாது. பழுது சேரும்.

அன்பு செய்யும் தவறு

நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்பா ஓய்வு பெறுகிறார். பிள்ளை சாய்வு நாற்காலி வாங்கிப் போடுகிறான். "நீங்க உட்காருங்கப்பா, நான் கடைக்குப் போறேன்" என்கிறான். மாமியார் துடைப்பத்தை எடுக்கிறார். "நீங்க ஏன் அத்தை சிரமப்படறீங்க?" என்று மருமகள் வாங்கி வைக்கிறாள். எல்லாம் அன்புதான். சந்தேகம் இல்லை. ஆனால், இரண்டு ஆண்டு கழித்து அப்பாவால் வாசற்படி இறங்க முடியவில்லை. "வயசாயிடுச்சு" என்கிறோம். வயது பாதி, நாற்காலி பாதி!

பெரியவர்களை மரியாதையாக நடத்த வேண்டும். மூலையில் உட்கார வைப்பது மரியாதை ஆகாது. பேரனைப் பள்ளிக்கூடம் வரை கொண்டு விடட்டும். கீரை ஆயட்டும். மாலையில் கோவிலைச் சுற்றி வரட்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது நல்ல நடை நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. ஒரு நாளைக்கு 30 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள். இதற்குக் காலணாச் செலவு இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதய நோய், மூட்டு வலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் ராஜகிரியில் ஏறக்கூடாது. மூதாட்டி சொன்னதுபோல, நின்று நின்று ஏற வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை முதல் மாலை வரை கழனியில் குனிந்து உழைக்கும் பெண்ணிடம் போய், "நடை பழகு" என்று சொல்வது கேலி. அவளுக்கு வேண்டியது ஓய்வும் வயிறாரச் சாப்பாடும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரும்புச் சத்து வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக, 2019-21-ம் ஆண்டின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அடுப்பு இருந்தும் விறகு இல்லை! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் ஒழிய வேண்டும். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பயறும் முதலில் அவள் தட்டில் விழ வேண்டும்.

ஊருக்கும் பொறுப்பு உண்டு

"நடங்கள்" என்று சொல்லிவிட்டோம். எங்கே நடப்பது?

நம் சிற்றூர்களின் கடைத்தெருவைப் பாருங்கள். நடைபாதை இருந்தால் அதில் கடை இருக்கிறது. இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பஸ் வரும் சாலையில் ஒரு கிழவர் எப்படி நடப்பார்? ஒவ்வொரு பேரூராட்சியும் ஒரு பூங்கா, ஒரு நடைபாதை, இடையிடையே உட்கார ஒரு பெஞ்சு, இரவில் ஒரு விளக்கு, இவ்வளவையும் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி கட்டுவது போலவே இதுவும் ஒரு வைத்தியம்தான்.

செஞ்சிக்கு ஒரு பெருமை சேர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில், யுனெஸ்கோ அமைப்பு 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். உலகம் இங்கே வரப் போகிறது. வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்கட்டும். உள்ளூர்ப் பெரியவர்கள் காலையும் மாலையும் உலாவ, மலையடிவாரத்தில் நிழலும் நடைபாதையும் கிடைக்கட்டும்.

களஞ்சியமும் கூடமும்

கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு அருகே ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது. கனத்த சுவர். உள்ளே போனால் குளிர்ச்சி. அதன் பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம் என்று காட்டப்படும் ஒரு கட்டடமும் இருக்கிறது.

சோறு ஒரு பக்கம். பயிற்சி மறுபக்கம். நெல்லை மட்டும் சேர்த்துவிட்டு, உடம்பை மறந்தால் கோட்டையைக் காக்க முடியாது என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்து இருக்கிறது. வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

அன்று மூதாட்டி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். வாலிபர் இப்போது நின்று நின்று ஏறிக்கொண்டு இருந்தார். "அப்படித்தான் சாமி, போ" என்று சொல்லி, அவர் கையில் ஒரு தேங்காய்ச் சில்லை வைத்துவிட்டுப் போனார்.

முதுமையை ஒழிக்க யாராலும் முடியாது. ஒழிப்பதாகச் சொல்கிறவன் உங்கள் பையைப் பார்க்கிறான். ஆனால், அம்மா தந்த அடுப்பை மங்காமல் வைத்திருக்க நம்மால் முடியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழட்டும். வீட்டுப் பெரியவரை நாற்காலியில் இருந்து எழுப்புங்கள். கைப்பிடித்துத் தெருக்கோடி வரை அழைத்துச் செல்லுங்கள். நாளை இன்னும் பத்தடி கூடும்.